தூக்கி நிறுத்த முடிகிற வண்டி

எண்பதுகளில் பொந்தியானைச் சுற்றியிருந்த தோட்டங்களில் மோட்டார் என்றால் இரண்டே வகைதான். ஒன்று கப்சாய். வெட்டுக்காரரும் மண்டோரும் ஹோண்டா 70, 90 என்று வைத்திருந்தார்கள். பின்பக்கம் பால் வாளிகளைக் கட்டிக்கொண்டு பால்மரக் காட்டுக்குள் போகும். மாலையில் அதே வண்டியில் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், அரிசி மூட்டை என்று மொத்தக் குடும்பமும் பட்டணத்திலிருந்து திரும்பும். இன்னொன்று ஸ்கிராம்ப்ளர். தோட்டத்துக் கண்டக்டரோ சின்னத் துரையோ ஓட்டும் யமஹா டிடி, ஹோண்டா எக்ஸ்எல் வகையறா. உயரமான இருக்கை, சக்கரத்தைத் தொடாமல் மேலே தூக்கிக் கட்டிய மட்கார்டு, கட்டை கட்டையாகப் பூப்போட்ட டயர். மழை பெய்து செம்மண் சடக்கு களியாகிவிட்ட நாளிலும் அது போய்விடும் என்பதுதான் அதற்கு இருந்த மரியாதை. இந்த இரண்டில் எதையும் தொலைதூரப் பயணத்துக்கு உரியது என்று அப்போது யாரும் சொன்னதாக நினைவில்லை. தூரம் போவதென்றால் பஸ், இல்லையென்றால் யாருடைய காரிலாவது ஓர் இடம். மோட்டார் என்பது வேலைக்குப் போக வர.

அந்த எண்ணம் மாறியதையும் எங்கள் ஊர்ச் சடக்கிலேயே பார்க்க முடிந்தது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994இல் முழுமையாகத் திறந்தது. பெரிய சிசி வண்டிகளுக்கு ஓட இடம் கிடைத்தது. 2004இல் இவான் மெக்ரெகர், சார்லி பூர்மன் என்ற இரு நடிகர்கள் பிஎம்டபிள்யூ ஆர்1150ஜிஎஸ் அட்வென்ச்சரில் லண்டனிலிருந்து கிழக்கு நோக்கிப் போய் நியூயார்க்கை அடைந்த தொலைக்காட்சித் தொடர் வந்தது. அதற்குப் பிறகு சாகசப் பயணம் என்றாலே அலுமினியப் பெட்டி மூன்று மாட்டிய பெருவண்டி என்று உலகம் முழுவதும் ஒரு படம் பதிந்துவிட்டது. இங்கும் அப்படித்தான். சனி ஞாயிறுகளில் ஜொகூர் பாருவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வரிசை கட்டி வரும் பெருவண்டிகள் குக்கூப்பில் கடலுணவு சாப்பிட்டுவிட்டு, தஞ்சோங் பியாயில் ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி என்ற அடையாளத்துக்கு முன் படம் எடுத்துக்கொண்டு, திரும்பும் வழியில் பொந்தியான் வான்டான் மீயையும் ஒரு கை பார்த்துவிட்டுப் போகும். குறை சொல்ல ஒன்றுமில்லை, ஊருக்கு வியாபாரம். ஆனால் அந்த வரிசையில் தார்ச் சடக்கை விட்டு இறங்கும் வண்டி எத்தனை என்று கவனித்தால் விடை சங்கடமாக இருக்கும். சேற்றுக்கும் கல்லுக்கும் என்று விற்கப்பட்ட வண்டிகள் அவை. இந்தப் பல வருட வேடிக்கை பார்த்தலிலிருந்து எனக்கு ஊறிப்போன கருத்து ஒன்று உண்டு: தார் முடிகிற இடத்துக்கு அப்பாலும் போக நினைத்துத் தொலைதூரம் கிளம்புகிறவர், சிசியையும் குதிரைத்திறனையும் பார்ப்பதற்கு முன் எடையைப் பார்க்க வேண்டும். யாருமற்ற இடத்தில் விழுந்து கிடக்கும் வண்டியை, சாமான்களோடு, ஒற்றை ஆளாக நிமிர்த்த முடியுமா? முடியாதென்றால் மற்ற அருமை பெருமைகள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்தக் கருத்துக்கு எங்கள் மண்ணே முதல் சாட்சி. பொந்தியான் மாவட்டத்தின் பெரும்பகுதி கடலோரக் களிமண்ணும், அதற்குள்ளே கரிமண் என்று சொல்லக்கூடிய சதுப்பு மண்ணும். காய்ந்த நிலையில் மெத்தை மாதிரி இருக்கும். நனைந்தால் கால் புதையும். அன்னாசி இதில்தான் நன்றாக வருகிறது என்பதால் பெக்கான் நானாஸ் என்று ஓர் ஊரே பெயர் வாங்கியிருக்கிறது. நீரை வடிக்க வெட்டிய கால்வாய்கள் ஊரெங்கும் ஓடும். கம்பங்களின் பெயர்களில் பாதி ‘பாரிட்’ என்று தொடங்குவது அதனால்தான். கால்வாயின் கரைதான் பாதை. ஒரு பக்கம் தென்னை, பாக்கு, செம்பனை. மறுபக்கம் தேநீர் நிறத்தில் தண்ணீர். எதிரே செம்பனைக் குலை ஏற்றிய லாரி வந்தால் ஒதுங்க முழம் அளவு புல்தான் இருக்கும், அந்தப் புல்லுக்கு அடியில் மண் இருக்கிறதா என்பது கால் வைத்தால்தான் தெரியும். இப்படிப்பட்ட இடத்தில் 118 கிலோ எடையுள்ள கவாசாகி கேஎல்எக்ஸ்150ஐ நிறுத்தி, காலை ஊன்றி, பின்பக்கத்தைக் கையால் தூக்கித் திருப்பிக்கொண்டு வந்த வழியே போய்விடலாம். 249 கிலோ எடையுள்ள பிஎம்டபிள்யூ ஆர்1250ஜிஎஸ்ஸை அப்படித் திருப்ப முடியாது. அரை மைல் பின்னால் தள்ளிக்கொண்டு வரவும் முடியாது. சைட் ஸ்டாண்டு மண்ணுக்குள் இறங்கி வண்டி மெல்லச் சாய்வதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

விழுந்த வண்டியை நிமிர்த்துவதைப் பற்றிக் காணொளிகள் நிறைய உண்டு. இருக்கைக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கையால் ஹேண்டிலையும் மறுகையால் பின் சட்டத்தையும் பிடித்து, காலால் உந்தி எழுந்தால் மெலிந்த பெண்ணும் பெருவண்டியைத் தூக்கிவிடலாம் என்று காட்டுவார்கள். உண்மைதான், சிமெண்டுத் தரையில். அந்த முறை வேலை செய்வதே டயர் தரையைப் பிடித்துக்கொண்டு வண்டி ஓர் அச்சில் சுழல்வதால். களிமண்ணில் டயர் பிடிக்காது. நாம் தள்ளத் தள்ள வண்டி நிமிர்வதற்குப் பதில் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போகும். நம் காலும் வழுக்கும். சரிவில் சக்கரம் மேட்டுப் பக்கமும் ஹேண்டில் பள்ளத்துப் பக்கமுமாக விழுந்துவிட்டால் இன்னும் மோசம். முதலில் வண்டியைத் தரையோடு தரையாக இழுத்துத் திருப்ப வேண்டும். பெட்டிகளைக் கழற்றி, மூட்டையை அவிழ்த்து, இழுத்துத் திருப்பி, நிமிர்த்தி, மறுபடி எல்லாம் கட்டி முடிக்கும்போது நம் நாட்டு வெயிலில் உடம்பில் இருக்கும் தண்ணீரெல்லாம் வற்றிவிடும். ஒரு முறை செய்யலாம். அன்றைக்கே மூன்றாவது முறை செய்ய வேண்டி வந்தால் கவனம் சிதறும், அடுத்த விழுகை அதனாலேயே வரும். எடையின் உண்மையான விலை இந்தக் களைப்புதான்.

வெளியுலகச் சான்றுகளுக்கு வருகிறேன். பெருவண்டி மோகத்தை வளர்த்த அதே 2004 பயணத்தில்தான் என் வாதத்துக்கு வலுவான காட்சியும் இருக்கிறது. மங்கோலியாவின் சேற்றில் இரு நடிகர்களும் கூடவே ஓட்டி வந்த ஒளிப்பதிவாளரும் மாறி மாறி விழுந்தார்கள். ஒளிப்பதிவாளர் கிளாடியோ வான் பிளாண்டாவின் பிஎம்டபிள்யூ பழுதாகி ஓட முடியாமல் போனபோது அதற்குப் பதில் அங்கே வாங்கியது இஷ் பிளானெட்டா என்ற எளிய ரஷ்ய வண்டி. அவருடைய பயணம் அதில் தொடர்ந்தது. பிரிட்டனின் லோயிஸ் பிரைஸ் அலாஸ்காவிலிருந்து தென் அமெரிக்காவின் முனை வரை போனது யமஹா எக்ஸ்டி225இல். ஸ்டெஃப் ஜீவன்ஸ் 2014இல் ஹோண்டா சிஆர்எஃப்250எல்லில் கிளம்பி ஏழு கண்டங்களிலும் அந்த ஒரே வண்டியை ஓட்டிவிட்டு 2018இல் வீடு திரும்பினார். நேத்தன் மில்வர்ட் 2009இல் சிட்னியிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது ஆஸ்திரேலிய அஞ்சல்காரர்கள் ஓட்டிக் கழித்த ஹோண்டா சிடி110இல். நம் மலேசியா வழியாகத்தான் போனார். இவர்களையெல்லாம் விட நமக்கு நெருக்கமானவர் அனிதா யூசோப். அப்போது ஈப்போவில் ஆசிரியர் பயிற்சிக் கழக விரிவுரையாளராக இருந்தார். 2015–16இல் தனியாக உலகத்தைச் சுற்றி வந்தார். வண்டி, யமஹா எஃப்இசட்150ஐ. நம் ஊரில் கல்லூரி மாணவர்கள் ஓட்டுவது, 130 கிலோ அளவில் எடை. அவர் அதைத் தேர்ந்தெடுத்ததைப் பார்த்து அன்றைக்குச் சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள்.

வென்றவர்களை மட்டும் பொறுக்கி எடுத்துக் காட்டுகிறாய் என்று இங்கே ஒருவர் மடக்கலாம். பெரிய வண்டியில் உலகம் சுற்றியவர்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. டெட் சைமன் 1973 முதல் 1977 வரை நான்கு வருடம் அலைந்தது 500 சிசி ட்ரையம்ஃபில்தானே என்றும் கேட்கலாம். சரியான கேள்வி. ஆனால் அந்த ட்ரையம்ஃப் இன்றைய சாகசப் பெருவண்டிகளை விட எத்தனையோ லேசு. சிசியும் எடையும் ஒன்றாகவே ஏறும் என்பது பின்னால் வந்த வழக்கம். பெருவண்டியில் முடியாது என்று நான் சொல்லவில்லை. முடித்தவர்களில் பலருக்குப் பின்னால் துணை வண்டியோ, கூட்டாளிகளோ, விமானத்தில் உதிரிப்பாகம் வரவழைக்கும் வசதியோ இருந்தது. லேசான வண்டிக்காரர்களின் பட்டியலைப் பாருங்கள்: பெரும்பாலும் தனி ஆட்கள், அதிலும் பெண்கள் அதிகம். உடல் பலத்தாலோ பணத்தாலோ எடையை ஈடுகட்ட வழியில்லாதவர்கள் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதே இங்கே சான்று. நெதர்லாந்தின் நோரலி ஸ்கூன்மேக்கரின் பாதையும் இதைத்தான் காட்டுகிறது. 2018இல் இந்தியாவில் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் வாங்கித் தன் நெடும்பயணத்தைத் தொடங்கினார். தமிழ்நாட்டில் தயாரான வண்டி, 200 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பின்னாளில் அவர் சிஆர்எஃப்300 வகைக்கு இறங்கி வந்தார்.

இதைவிடக் கூர்மையான மறுப்பு இன்னொன்று இருக்கிறது. எடைதான் முக்கியம் என்றால் ஸ்கிராம்ப்ளர் எதற்கு, ஹோண்டா இஎக்ஸ்5 கப்சாய் போதாதா? நூறு கிலோவுக்கும் குறைவு, எந்தக் கம்பத்திலும் பழுதுபார்க்க ஆள் உண்டு, மில்வர்டே அதன் உறவுக்காரியில்தான் போனார். ஒத்துக்கொள்கிறேன்: தார்ச் சடக்கிலேயே தாய்லாந்து வரை போய் வருவதென்றால் கப்சாய் போதும், வேறு செலவு வீண். 2017க்குள் பத்துக் கோடி சூப்பர் கப் வகை வண்டிகள் உலகில் ஓடியிருக்கின்றன என்பது சும்மா வந்த கணக்கில்லை. ஆனால் கப்சாயின் 17 அங்குலச் சக்கரமும் குட்டையான சஸ்பென்ஷனும் குழிக்குள் இறங்கினால் ஏறத் திணறும். வேர், கல், லாரிச் சக்கரம் வெட்டிய பள்ளம் எல்லாமே எஞ்சினின் அடிவயிற்றில் இடிக்கும். ஸ்கிராம்ப்ளரின் முன் சக்கரம் 21 அங்குலம், பின் சக்கரம் பெரும்பாலும் 18. தடையின் மேல் உருண்டு ஏறிவிடும். எனவே நான் கேட்பது ஆக லேசான வண்டியை இல்லை. மண்பாதைக்கு வேண்டிய கால்களோடு இருப்பதில் ஆக லேசானதை.

அந்தக் கால்களுக்கு ஒரு தண்டமும் உண்டு. கிளந்தானின் உட்புறத்தில் டயர் பஞ்சரானால் கம்பத்துக் கடையில் 17 அங்குல டியூப் தொங்கும், 21 கிடைக்காது. அதனால் சொந்தமாக ஒரு 21 அங்குல டியூப் மூட்டையில் இருக்க வேண்டும். 18க்குத் தனியாக ஒன்று தேவையில்லை. அவசரத்துக்கு 21 அங்குல டியூபையே பின் சக்கரத்துக்குள் மடித்துத் திணித்து, காற்றடித்து, அடுத்த பட்டணம் வரை போய்விடலாம். டயரைக் கழற்றும் இரண்டு இரும்புக் கரண்டியும் சோப்புத் தண்ணீரும் இருந்தால் ஒரு மரநிழலில் வேலை முடிந்துவிடும். இங்கேயும் எடை வந்து நிற்கிறது பாருங்கள். லேசான வண்டியை ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்து, பின் சக்கரத்தை அந்தரத்தில் நிறுத்திக் கழற்றலாம். பெருவண்டியை நடுக்காட்டில் எதன் மேல் ஏற்றி நிறுத்துவது? கேஎல்எக்ஸ்150இல் இன்னொரு சௌகரியமும் இருக்கிறது: அதன் 428 செயின் கப்சாய் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் அளவு.

வேகத்தைப் பற்றிய ஆட்சேபத்தை லேசாக ஒதுக்க முடியாது. நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் வரம்பு. மோட்டாருக்கு டோல் இல்லை என்பதால் எல்லாருக்கும் அதில் ஏறத்தான் மனம் வரும். 250 சிசி ஒற்றை சிலிண்டர் வண்டி 100 வரை நிம்மதியாக ஓடும், அதற்கு மேல் அலறும். 150 சிசிக்கு 80தான் சுகம். கொள்கலன் லாரி ஒன்று முந்திக்கொண்டு போகும்போது அடிக்கும் காற்று 140 கிலோ வண்டியை ஒரு சாண் தள்ளிவிடும் என்பதும் உண்மை. நம் நாட்டுச் சாலை மரணங்களில் பாதிக்கு மேல் மோட்டாரோட்டிகள் என்பதை மறந்து யாரும் பேசக்கூடாது. என் பதில், வழியை மாற்று என்பதுதான். பொந்தியானின் நடுவாகப் போகும் கூட்டரசுச் சாலை 5, பெனுட், பத்து பகாட், மூவார், மலாக்கா, கிள்ளான் என்று பெரும்பாலும் கடலோரமாக ஈப்போ வரை போகிறது. அதில் வரம்பே 90. 250 சிசி வண்டி அந்தச் சாலையில் எவருக்கும் இடைஞ்சலாக இருக்காது, 150கூட சமாளிக்கும். ஊர்களைப் பார்க்கக் கிளம்பியவர் ஊர்களைத் தவிர்க்கக் கட்டிய சாலையில் ஏன் போக வேண்டும் என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கிளம்பி, இரவுக்குள் ஹட்யாய், ஞாயிறு திரும்ப வேண்டும் என்கிறவருக்கு இந்தப் பதில் உதவாது. அவருக்கு வேண்டியது வேறு வண்டி.

லைசென்ஸ் விஷயமும் இதோடு ஒட்டியது. நம்மில் பெரும்பாலோர் கையில் இருப்பது பி2. 250 சிசி வரைதான் செல்லும். சிஆர்எஃப்300எல் 286 சிசி என்பதால் அந்த வரம்புக்கு வெளியே போய்விடுகிறது. சாலை ஓட்டத்தில் கொஞ்சம் கூடுதல் இழுவை கிடைக்கும் என்பது தவிர மண்பாதையில் பெரிய வேறுபாடு இல்லை. அதற்காக மேல் வகுப்பு லைசென்ஸ் எடுப்பவர் எடுக்கட்டும்; எடுக்காதவர் எதையும் பெரிதாக இழக்கவில்லை.

டாங்கியும் இருக்கையும் இந்த வண்டிகளின் நிஜமான குறைகள். சிஆர்எஃப்250எல்லில் 7.8 லிட்டர், கேஎல்எக்ஸ்150இல் ஏழுக்கும் குறைவு. லிட்டருக்கு 30 கிலோமீட்டர் என்று வைத்தாலும் 200ஐத் தாண்டியதும் பெட்ரோல் நிலையத்தைத் தேட வேண்டும். மேற்குக் கரையில் இது ஒரு பிரச்சினையே இல்லை. 1982இல் திறந்த கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் கிரிக்கிலிருந்து ஜெலி வரை சுமார் 120 கிலோமீட்டர், பெரும்பகுதி காடு. கிரிக்கில் டாங்கியை நிரப்பிக்கொண்டால் அதுவும் தாண்டிவிடும். இன்னும் தூரமான நாடுகளுக்கு இரண்டு லிட்டர் போத்தல் ஒன்றைக் கட்டிக்கொள்ளலாம். எப்போதும் 20 லிட்டரைச் சுமப்பதை விட வேண்டியபோது இரண்டைச் சுமப்பது புத்திசாலித்தனம். இருக்கை, ஒல்லியான பலகைதான். தையல்காரரிடம் கொடுத்து ஸ்பாஞ்சு மாற்றி அகலப்படுத்துவது ஊரிலேயே நடக்கிற வேலை. சாமான் விஷயத்தில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். இந்த வண்டிகளின் பின்சட்டம் மெலிது. அலுமினியப் பெட்டிகளை மாட்டினால் வெறும் பெட்டியே பத்துக் கிலோவைத் தாண்டி, லேசான வண்டி வாங்கியதன் பலனைத் தின்றுவிடும். துணிப் பை, அதிலும் பாரம் முடிந்தவரை முன்னால், இருக்கையை ஒட்டி.

உயரத்தைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. சிஆர்எஃப்250எல்லின் இருக்கை 875 மில்லிமீட்டர். ஐந்தடி நான்கு அங்குல ஆள் இரண்டு பாதத்தையும் ஊன்ற முடியாது. ஏறி உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் அமுங்கிக் கொஞ்சம் இறங்கும். ஒரு பாதம் ஊன்றினால் போதும் என்று பழகிக்கொள்ளலாம். வண்டி லேசாக இருப்பதால் நுனிக்காலிலும் தாங்கலாம். இருந்தாலும் பயம் தெளியாதவர்கள் உண்டு. அவர்கள் சஸ்பென்ஷனைத் தாழ்த்தும் இணைப்பை மாட்டி அடி இடைவெளியைப் பறிகொடுப்பதை விட, அடுத்த சிறிய வண்டிக்கு இறங்குவது நல்லது. மனைவியைப் பின்னால் உட்கார வைத்து, இருவர் சாமானையும் ஏற்றிப் போகிறவருக்கோ இந்த வகை வண்டியே பொருந்தாது. அவருக்கு 800 மில்லிமீட்டர் இருக்கையும் 15 லிட்டர் டாங்கியும் கொண்ட பழைய ஹிமாலயன் போன்றது சரி. தூக்கக் கூடவே ஓர் ஆளும் இருக்கிறார்.

ஆக, பி2 லைசென்ஸ் வைத்துக்கொண்டு பொந்தியானிலிருந்து தனியாகக் கிளம்புகிறவருக்கு என் தீர்ப்பு 150 கிலோவுக்குள் அடங்கும் 250 சிசி ஸ்கிராம்ப்ளர். உருவம் சிறியவர்களுக்கும், கூட்டரசுச் சாலையை விட்டு நெடுஞ்சாலைக்கு ஏறாதவர்களுக்கும் 150. முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். அதே வண்டி வைத்திருக்கும் ஒருவரைப் பிடித்து, உங்கள் சாமான் மூட்டையைக் கட்டி, மழை பெய்து ஓய்ந்த ஒரு திடல் புல்லில் அதைப் படுக்க வைக்கச் சொல்லுங்கள். தனியாக மூன்று முறை தூக்கி நிறுத்துங்கள். மூன்றாவது முறை முடியவில்லையென்றால் அந்த வண்டியை வாங்காதீர்கள்.